பட்டா, படி, டியூ: முதியோர் கல்விப் பாடப்பொருள் குறித்துச் சில விவாதக் குறிப்புகள்

1

"இன்னா சார், பாடமெல்லாம் செல்லுலயே வருதாமே, அப்பறம் இந்தப் பொண்ணு எதுக்கு?"

திருத்தணியில் மலையடிவாரத் தெரு ஒன்றில், பூக்கட்டி முடித்துவிட்டு ராத்திரி ஏழு மணி வாக்கில் வந்து உட்காரும் பெண்களில் ஒருவர் கேட்ட கேள்வி இது. வயது அறுபதை ஒட்டி. 'இந்தப் பொண்ணு' என்றது அங்கே பாடம் சொல்லித்தர வந்த கல்லூரி மாணவியை. சம்பளம் கிடையாது, தன்னார்வலர். அவர் கையில் ஒரு பாடநூல், ஒரு செல்போன், அதில் இறக்கி வைத்த சில வீடியோக்கள். கேட்டவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து இந்தப் பெண் அல்லாடுகிறதே என்ற அக்கறையில் கேட்டார். அந்த மாணவிக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை.

கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும், அது நிற்கும் இடம் பெரிது. ஒன்றிய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை ஐந்தாண்டுகளில் 15 வயதுக்கு மேற்பட்ட 5 கோடிப் பேரை எழுத்தறிவு பெறச் செய்வதாக இலக்கு வைத்தது. ஒதுக்கீடு 1037.90 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சுமார் 207 ரூபாய். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து! இந்தத் தொகையில் ஆசிரியருக்கு ஊதியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே இரண்டு சொற்கள் முன்னுக்கு வருகின்றன: 'தன்னார்வம்', 'இணைய வழி'. 2023 ஜூலையில் இதற்கென ஒரு செல்போன் செயலியும் வந்தது. ஆசிரியருக்கு வேண்டியதெல்லாம் இணையத்தில் கிடைக்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்ற சொல்லாடல் இப்படித்தான் உருவாகிறது.

இந்தக் குறிப்புகளின் வாதம் இதுதான். முதியோர் கல்வியில் பாடப்பொருள் என்பது ஆசிரியருக்கு அனுப்பி வைக்கப்படும் சரக்கு அல்ல. கற்பவரின் வாழ்க்கையிலிருந்து கிளம்பி, எழுத்தாகி, மறுபடி அந்த வாழ்க்கைக்குள் போய் எதையாவது அசைக்கும் ஒன்று அது. இந்தப் போக்குவரத்து அறுந்துவிட்டால், எத்தனை ஆயிரம் வீடியோ இருந்தாலும் அந்த அம்மாவின் கேள்விக்கு 'ஆமாம், பொண்ணு தேவையில்லைதான்' என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

2

கொஞ்சம் பின்னால் போவோம். தமிழகத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தின் பாடநூல் 'பட்டா', 'படி' என்ற சொற்களோடு தொடங்கியது. அகர வரிசையில் 'அம்மா, ஆடு, இலை' என்று தொடங்காமல் பட்டாவில் ஏன் தொடங்கினார்கள்? இதற்குப் பின்னால் பாவ்லோ ஃப்ரெய்ரே இருக்கிறார். 1963இல் பிரேசிலின் வடகிழக்கில் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தர முயன்ற அவர், கற்பவர்களின் பேச்சில் கனம் மிகுந்து புழங்கும் சொற்களை முதலில் திரட்டினார். செங்கல் என்பதற்கான போர்த்துகீசியச் சொல்லை எடுத்து அசைகளாக உடைப்பார்கள்: தி, ஜோ, லோ. பிறகு 'தி' என்ற அசையிலிருந்து அதன் குடும்பம் முழுக்க வரும்: த, தெ, தி, தொ, து. அதே நேரத்தில் செங்கலைச் சுமப்பவர் யார், வீடு யாருக்கு என்ற பேச்சும் வரும். எழுத்தும் அரசியலும் ஒரே சொல்லுக்குள் இருந்து கிளம்பும்.

தமிழுக்கு இது அப்படியே பொருந்தியது. நம் எழுத்தும் அசை எழுத்துதானே! 'பட்டா, படி' என்ற இரண்டு சொற்களுக்குள் ப, ட், டா, டி வந்துவிடுகின்றன. கூடவே 'உன் பேர்ல பட்டா இருக்கா?' என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. திருத்தணிக்காரர்களுக்கு இதில் இன்னொரு வசதி. 'படி' என்றால் மலைக்கு ஏறும் 365 படி, அரிசி அளக்கும் படி, வாசிக்கச் சொல்லும் படி. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம்.

அறிவொளியை நாம் புனிதப்படுத்தத் தேவையில்லை. அதன் பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. எழுத்து ஒளி என்றால் எழுத்தில்லாதவர் இருள். கூத்தில் விடிய விடியப் பாரதத்தை மனப்பாடமாகச் சொல்கிறவரும், எத்தனை முழம் எத்தனை பூ என்று ஒரு நொடியில் மனக்கணக்குப் போடுகிறவரும் இருட்டில் இருப்பவர்களாகக் கட்டமைக்கப்பட்டார்கள். கலெக்டர் தலைமையில் நடந்த இயக்கம் என்பதால், மாவட்டம் 'முழு எழுத்தறிவு பெற்றது' என்று அறிவிக்கும் அவசரமும் இருந்தது. கூலியில்லாமல் உழைத்த இளம்பெண்களின் உழைப்பு கணக்கில் ஏறவில்லை. இந்த விமர்சனங்கள் எல்லாம் சரிதான்.

ஆனால் பாடப்பொருள் என்ற அளவில் அந்தக் காலத்தில் நடந்த ஒன்றை மறக்கக் கூடாது. நமக்கு வடக்கே, பக்கத்திலேயே இருக்கும் நெல்லூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்தறிவு வகுப்புகளுக்கு வந்த துபகுண்டா கிராமத்துப் பெண்கள் ஒன்றுசேர்ந்து ஊரிலிருந்த சாராயக் கடையை மூட வைத்தார்கள். அந்தச் சம்பவம் அடுத்த கட்டப் பாடநூலில் பெண்கள் ஒன்றுபட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லும் பாடமாக அச்சேறியது. மற்ற ஊர்ப் பெண்கள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். வாசித்தவர்கள் தங்கள் ஊர்க் கடை முன்னால் போய் நின்றார்கள். 1992இல் மாவட்டத்தில் சாராய ஏலம் நடத்துவதே பெரும்பாடாகிவிட்டது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது வேறு கதை.

இங்கே பாடத்தை எழுதியது யார்? எழுத்தாளர் குழுவா, துபகுண்டா பெண்களா? பாடம் ஊருக்குள் போனது. ஊர் பாடமாகித் திரும்பி வந்தது. மறுபடி வேறு ஊர்களுக்குப் போனது. நான் போக்குவரத்து என்று சொன்னது இதைத்தான். இணையம் இல்லாத காலத்தில், அச்சுக்காகிதத்தில், பஸ்ஸில் மூட்டை கட்டி அனுப்பிய பாடநூலில் இது நடந்திருக்கிறது. ஆகவே பிரச்சினை காகிதமா செல்போனா என்பதில் இல்லை.

3

இப்போது கிடைக்கும் இணையவழிப் பாடப்பொருளை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்ப்போம். அந்த மாணவியின் செல்போனில் நான் பார்த்த வீடியோக்களில் ஒரு குரல் பேசுகிறது. படம் வருகிறது, சொல் வருகிறது, 'நீங்களும் சொல்லுங்கள்' என்கிறது. எல்லாம் சுத்தமாக, வண்ணமாக இருக்கிறது. அந்தப் பெண்கள் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ள அங்கே ஆளில்லை. ஃப்ரெய்ரே 'வங்கிமுறைக் கல்வி' என்று எதைச் சொன்னாரோ அதில்கூட எதிரே ஒரு வாத்தியார் இருந்தார். தூங்கினால் திட்டவாவது செய்தார். இங்கே அதுவும் கிடையாது.

பெயர் மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் 'வயது வந்தோர் கல்வி' என்ற சொல்லை விட்டுவிட்டு 'அனைவருக்கும் கல்வி' என்று வழங்கப்போவதாக அறிவித்தார்கள். பழைய சொல் 15 வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதவர்கள் எல்லோரையும் உள்ளடக்கவில்லையாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'வயது வந்தோர்' என்ற சொல்லில் ஓர் அங்கீகாரம் இருந்தது: எதிரே உட்கார்ந்திருப்பவர் குழந்தையல்ல, வாழ்ந்து பார்த்தவர் என்பது. அந்தச் சொல் போனதும், குழந்தைக்கான பாடத்துக்கும் அறுபது வயது அம்மாவுக்கான பாடத்துக்கும் இருந்த கோடும் அழிய வசதியாகிறது. முடிவில் ஒரு தேர்வு: வாசிப்பு 50, எழுத்து 50, கணக்கு 50, ஆக 150 மதிப்பெண். வாழ்க்கையில் ஏதாவது அசைந்ததா என்பதற்கு மதிப்பெண் இல்லை.

திட்டத்தின் இன்னொரு கூறு 'முக்கிய வாழ்க்கைத் திறன்கள்'. நிதி எழுத்தறிவு, டிஜிட்டல் எழுத்தறிவு, உடல்நலம், குழந்தை வளர்ப்பு, குடும்ப நலம் என்று பட்டியல் போகிறது. பட்டாவுக்குப் பக்கத்தில் இந்தப் பட்டியலை வைத்துப் பாருங்கள். பட்டா என்ற சொல் 'நிலம் யாரிடம் இருக்கிறது' என்று வெளியே பார்க்கிறது. நிதி எழுத்தறிவு என்ற சொல், 'உனக்குக் காசைக் கையாளத் தெரியவில்லை' என்று கற்பவரையே திரும்பிப் பார்க்கிறது. கடன் இப்போது ஓர் உறவாக இல்லாமல் ஒருவரின் அறியாமையாக மாறிவிடுகிறது.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. எல்சா அவர்பாக்கும் டெனிஸ் பர்ஜஸும் 1985இல் எழுதிய ஒரு கட்டுரை, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த தொழிலாளர்களுக்கான 'பிழைப்பு ஆங்கில'ப் பாடநூல்களை ஆராய்ந்தது. அவற்றுக்குள் மறைந்திருக்கும் இன்னொரு பாடத்திட்டத்தை அவர்கள் வெளியே எடுத்துக் காட்டினார்கள். மேலாளரிடம் எப்படிப் பணிவாகப் பேசுவது, உத்தரவை எப்படிப் புரிந்துகொள்வது என்றெல்லாம் அந்த நூல்கள் சொல்லித் தந்தன. அடிமட்ட வேலைக்கு ஆள் தயாரிக்கும் மொழி அது. உத்தரவு சரியா என்று கேட்பதற்கான ஆங்கிலம் அதில் அரிது.

இதை 'சலாம் இங்கிலீஷ்' என்று சொல்லலாம். திருத்தணிக்காரர்களுக்கு இந்தச் சலாம் புதிதில்லை. ஆங்கிலப் புத்தாண்டு அன்று வெள்ளைக்காரத் துரைமார்களுக்குச் சலாம் போடப் போவதற்குப் பதில் தணிகை முருகனிடம் போகலாம் என்று வள்ளிமலை சுவாமிகள் 1917 டிசம்பர் 31இல் தொடங்கி வைத்ததுதான் படித் திருவிழா. படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுவது இன்றும் நடக்கிறது. துரைக்குப் போட்ட சலாம் நின்றது. ஆங்கிலத்துக்கு?

4

அந்தத் தெருவில் பெண்கள் முதலில் கேட்டதே இங்கிலீஷ்தான். "தமிழ் அப்பறம் பாத்துக்கலாம்மா, இங்கிலீஷ் எய்த்து ரெண்டு கத்துக் குடு." மாணவிக்குச் சங்கடம். பாடநூல் தமிழ். நம் தோழர்கள் அங்கே இருந்திருந்தால் இன்னும் சங்கடப்பட்டிருப்பார்கள். தாய்மொழி வழிக் கல்வி, மெக்காலே 1835 என்று பேசியே பழகியவர்கள் நாம்.

ஊரின் வரலாறு இந்தச் சங்கடத்தைக் கூட்டுகிறது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. வடக்கெல்லைப் போராட்டம் நடந்த பூமி. அதற்கும் முன்பே மங்கலங்கிழார் அறநெறித் தமிழ்ச் சங்கம் வைத்து, இந்தப் பகுதி ஊர்களில் ஊதியம் வாங்காமல் தமிழ் சொல்லித் தந்தார். எல்லைப் போராட்டத்துக்கு அடியில் ஒரு முதியோர் கல்வி வேலை இருந்தது என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை. அந்த நினைவு உள்ள ஊரில் தமிழைத் தள்ளி வைத்து ஆங்கிலம் கேட்பது துரோகம் போலத் தோன்றும்.

ஆனால் கேட்பது யார் என்று பார்க்க வேண்டாமா? நம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பூக்கட்டும் பெண்ணிடம் 'முதலில் தமிழ் படியுங்கள்' என்று சொல்லும் அதிகாரத்தை நமக்கு யார் தந்தார்கள்? ஆங்கிலத்தைச் சாதிக்கு வெளியே போகும் வழியாகத் தலித் சிந்தனையாளர்கள் பார்ப்பதிலும், பெரியார் ஆங்கிலத்தை வரவேற்றதிலும் உள்ள நியாயம் அந்தப் பெண்ணின் கோரிக்கையிலும் இருக்கிறது.

திருத்தணி பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். தமிழ்ப் பலகை ஒரு பக்கம். நகரி, புத்தூர், திருப்பதி என்று போகும் ஆந்திர பஸ்ஸில் தெலுங்குப் பலகை. பாங்க், ஏடிஎம், ஆஸ்பத்திரி ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாம் ஆங்கிலம். வீட்டில் தெலுங்கு பேசி, கடைத்தெருவில் தமிழ் பேசி, கையில் ஆங்கிலக் காகிதத்தை வைத்துக்கொண்டு நிற்கும் ஒருவரிடம் 'உங்கள் மொழி எது?' என்று கேட்டு ஒரு மொழியில் எழுத்தறிவு தருவது இந்த ஊரை வாசிக்கத் தெரியாத வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயதுக்கு மேற்பட்டவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால் எழுத்தறிவு பெற்றவர். 2011இல் தமிழ்நாட்டின் விகிதம் 80.09, பெண்களுக்கு 73.44. 'ஏதாவது ஒரு மொழி' எந்த வேலைக்குப் போதும் என்பதை அந்த எண் சொல்வதில்லை.

இங்கே ஆசிரியருக்கு இணையத்தில் கிடைப்பது என்ன? மேற்கு நாடுகளின் பாடப்பொருள் ஏராளம். பிரிட்டனில் 1999இல் மோசர் குழு அறிக்கை வந்தது. 2001இல் வயது வந்தோருக்கான எழுத்தறிவுப் பாடத்திட்டம் தனியாகவும், வேற்றுமொழிக்காரருக்கான ஆங்கிலப் பாடத்திட்டம் தனியாகவும் வந்தன. இந்த இரண்டு அலமாரிப் பிரிவினைதான் பொதுவாக எங்கும். முதல் அலமாரி, ஆங்கிலம் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவருக்கு. இரண்டாவது, பெரும்பாலும், தன் மொழியில் படிக்கத் தெரிந்து ஆங்கிலம் பேசத் தெரியாதவருக்கு. நம் பூக்காரப் பெண் எந்த அலமாரியிலும் இல்லை. அவருக்கு எந்த எழுத்தும் சரளமில்லை. ஆங்கிலம் பேசவும் வராது. ஆனால் இருநூறு முந்நூறு ஆங்கிலச் சொற்கள் ஏற்கெனவே அவர் வாயில் தமிழாகப் புழங்குகின்றன. லோன், டியூ, பேலன்ஸ், பஸ், ஷிஃப்ட், ஓடிபி, ஸ்கேன், சுகர், பிரஷர், டோக்கன். 'டியூ கட்டணும்' என்பது தமிழ் வாக்கியம் இல்லையென்று எந்தப் புலவரும் அவரிடம் போய்ச் சொல்ல முடியாது.

ஆசிரியர் தேட வேண்டிய பாடப்பொருள் இங்கேதான் இருக்கிறது. ஆப்பிள், பால், கேட் என்று தொடங்க வேண்டாம். பட்டாவுக்குச் சமமான ஆங்கிலச் சொல் அந்தத் தெருவில் 'டியூ'. மாணவி ஒருநாள் டி, யு, இ என்ற மூன்று எழுத்தையும் தரையில் எழுதினார். பாங்கிலிருந்து வந்த மெசேஜில் அதைத் தேடச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்து 'பஸ்' எழுதினார். உடனே கேள்வி வந்தது: "ஒரே எய்த்து அங்க 'யூ'ன்றே, இங்க 'அ'ன்றே. இன்னா கணக்கு இது?"

அபாரமான கேள்வி. தமிழில் ஓர் எழுத்தைக் கற்றால் அதன் குடும்பம் பின்னாலேயே வரும். ஃப்ரெய்ரேயின் முறை நின்றதே அசைக் குடும்பத்தின் மேல். ஆங்கில எழுத்து அப்படி இல்லை; ஒரே எழுத்து இடத்துக்கு இடம் சத்தம் மாறும். ஆகவே ஆங்கிலத்துக்கு அந்த முறையை அப்படியே தூக்கி வர முடியாது. சில சொற்களை முழு உருவமாகவே கண்ணில் பதிய வைக்க வேண்டும். சத்தம் ஒழுங்காக வரும் சொற்களை மட்டும் உடைத்துக் காட்ட வேண்டும். எந்தச் சொல் எந்த வகை என்று பிரித்து, தமிழ் காதுக்கு ஏற்றபடி ஒரு பட்டியல் போட்டால் அது ஆசிரியருக்கு உண்மையான உதவி. இந்த வேலையை நம் தெருவில் உட்கார்ந்துதான் செய்ய முடியும்.

5

'டியூ'வை ஏன் தேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த வட்டத்தில் இருந்த பெண்கள் அனைவரும் ஏதாவதொரு குழுக்கடனில் இருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள். கைநாட்டு என்ற இழிவிலிருந்து கையெழுத்துக்கு வந்தது முதியோர் கல்வியின் பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. புதுக்கோட்டை அறிவொளியை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் கோடியின் நூல் (2013) கலெக்டருக்கு மனு எழுதிக் கையெழுத்திடும் பெண்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. மனுவின் கீழே கையெழுத்திடுபவர் குடிமகளாகிறார். சரி. கடன் பத்திரத்தின் கீழே கையெழுத்திடுபவர் யாராகிறார்?

அந்தப் பெண்களில் ஒருவர் சொன்னது: "கைநாட்டு வெச்சிருந்தா, எனக்கு ஒண்ணும் தெரியாது, படிச்சிக் காட்டலன்னு சொல்லலாம். கையெய்த்து போட்டதால வாயத் தொறக்க முடியல." எழுத்தறிவு என்ற பெயரில் நாம் கொடுத்தது பொறுப்பை, வாசிக்கும் வலுவை அல்ல. கடன் அட்டை கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் சொல்கின்றன. நல்ல விதிதான். ஆனால் புரிகிறதா இல்லையா என்பதைக் கையெழுத்தை வைத்துத்தானே முடிவு செய்வார்கள்? மாதாமாதம் செல்போனில் வரும் மெசேஜ் ஆங்கிலத்தில் இருக்கும்போது இந்த விதியை யார் எப்படிக் கேட்பது?

இங்கே எனக்கு நினைவு வருவது அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவு. 1957இல் அங்கே கறுப்பின மக்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கியது. வாக்காளராகப் பதிய எழுத்தறிவு நிபந்தனை இருந்த காலம். பாடம் சொல்ல வந்த பெர்னிஸ் ராபின்சன் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்ல, அழகுக்கலைத் தொழில் செய்தவர். கொண்டுவந்த குழந்தைகள் பாடநூல் வேலைக்காகாது என்று ஒதுக்கிவிட்டு, 'உங்களுக்கு என்ன படிக்க வேண்டும்?' என்று கேட்டார். பெயர் எழுத, மணியார்டர் நிரப்ப, வாக்காளர் பதிவுக்கான சட்டப் பகுதியை வாசிக்க என்று பதில்கள் வந்தன. அவையே பாடமாயின. அந்தத் தீவில் பஸ் ஓட்டிய ஈசா ஜென்கின்ஸ் பயணிகளுக்கு பஸ்ஸிலேயே அந்தச் சட்டப் பகுதியைச் சொல்லித் தந்தவர். இந்தக் குடியுரிமைப் பள்ளிகள் பிறகு தென் மாநிலங்கள் எங்கும் பரவின. ராபின்சனுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடப்பொருள் அந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான்.

6

இணையமே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. துபகுண்டா பாடம் அச்சாகி ஊர் ஊராகப் போன காரியத்தை இன்று ஒரு செல்போன் ஒரே ராத்திரியில் செய்துவிடும். திருத்தணிப் பெண் கேட்ட 'யூ, அ' கேள்வியும் அதற்கு மாணவி சொன்ன பதிலும் நகரியில் இருக்கும் ஒரு தெலுங்குத் தன்னார்வலருக்குப் போய்ச் சேரலாம். விசைத்தறிக்காரரின் சம்பளச் சீட்டு, மாத்திரை அட்டை, கடன் மெசேஜ் (பேரையும் எண்ணையும் அழித்துவிட்டு), தெலுங்கு பஸ் பலகை, பட்டா நகல் எல்லாம் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பாடங்களாகலாம். அதற்கு மேலிருந்து கீழே ஓடும் குழாய் போதாது. கீழிருந்து மேலேயும், பக்கத்துக்குப் பக்கமும் ஓட வேண்டும். அந்த வேலைக்கு ஊதியமும் வேண்டும். 207 ரூபாய்க் கணக்கைத் தன்னார்வம் என்ற அழகான சொல்லால் மூடிவைப்பதை நாம் கேள்வி கேட்காமல் விடக் கூடாது.

எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை என்று மலிவு விலையில் அச்சிட்டு விற்ற ஒரு மரபு நமக்கு இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிப்பவரை அந்தப் புத்தகங்கள் மதித்தன. ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் அதைக் குஜிலி என்று ஒதுக்கினோம். விளிம்பு நிலை பற்றி நாம் எழுதும் எதையும் விளிம்பில் இருப்பவர் வாசிக்க முடியாது, இந்தக் கட்டுரையையும்தான். நல்லதங்காளும் கடன், பசி, பிறந்த வீட்டில் மூடிய கதவு பற்றிய கதைதான். குழுக்கடனில் சிக்கிய நல்லதங்காளைப் பெரிய எழுத்தில் எட்டுப் பக்கத்துக்கு எழுத நம்மில் எத்தனை பேர் தயார்?

அந்த அம்மாவிடம் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது அல்லவா? இரண்டு வாரம் கழித்து அவரே ஒரு மெசேஜைத் தூக்கிக்கொண்டு வந்தார். டியூ என்ற மூன்று எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு முன்னால் இன்னும் நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஓவர்டியூ. "கட்டிட்டேனே, அப்பறம் இது இன்னாத்துக்கு?" என்று கேட்டார். மாணவி, தவணை அட்டையை எடுத்து வரச் சொன்னார். எல்லோரும் சேர்ந்து தேதிகளைப் பார்த்தார்கள். கட்டிய ஒரு தவணை அட்டையில் ஏறவில்லை. மறுநாள் நான்கு பெண்கள் அட்டையோடு கிளம்பினார்கள். செல்லில் வந்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. அடுத்த வகுப்புக்கு இதுதான் பாடம் என்று மாணவி நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். பொண்ணு எதுக்கு என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.